ஒரே தோளில் இரண்டு சுமை: ஏற்காட்டு வில்வித்தை வீரர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

சேலத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். மாலை நேரங்களில் இங்குள்ள சின்ன வில்வித்தைக் குழு ஒன்றுக்கும் போய்வருவது உண்டு. அந்தக் குழுவில் எய்யும் மாற்றுத்திறனாளி வீரர் ஒருவரைப் பற்றியது இது. அவரும் அவருடைய பயிற்சியாளரும் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். எந்த எஸ்டேட், எந்த மருத்துவமனை, எந்தச் சங்கம் என்பதையெல்லாம் விட்டுவிட்டேன். பதக்கக் கதை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ வைத்திருக்கும் ஒருவருக்கு வில் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றால் படித்துப் பாருங்கள்.

பின்னணி

ஏற்காட்டில் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக் கொடியை ஏற்றிவிட்டிருப்பார்கள். தை, மாசியில் ஏணி சாத்தி மிளகு பறிப்பார்கள். அப்படிப் பறிக்கும்போது ஏணி நழுவி விழுந்தவர் இவர். அப்போது வயது இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு உடைந்தது. தண்டுவடம் முழுசாகப் போகவில்லை, பாதி தப்பியது. அறுவை சிகிச்சை, மறுவாழ்வுப் பயிற்சி எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது தொடையில் ஓரளவு பலம் இருந்தது, முட்டிக்குக் கீழே எதுவும் இல்லை, உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைவு, சிறுநீரை நேரம் பார்த்துக் குழாய் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இரண்டு காலுக்கும் நீளக் கேலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம்) போட்டு, முழங்கை ஊன்றுகோல் இரண்டை ஊன்றி நடப்பார். வீட்டில் ஒரு சக்கர நாற்காலி இருந்தது. ஆனால் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற பாதை கல்லும் படியுமாக இருக்கும், அதில் நாற்காலி உருளாது. அதனால் வெளியே எங்கே போனாலும் ஊன்றுகோல்தான்.

2022-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான முகாம் ஒன்றில் வில்லைத் தொட்டுப் பார்த்தார். மரம் ஏறியே வளர்ந்த கை, தோள் அகலம், பிடி உறுதி. பயிற்சியாளர் (எங்களுக்கு அவர் மாஸ்டர்) அன்றைக்கே பேர் எழுதிக்கொண்டார்.

வீட்டில் அப்பாவுக்கு வேறு கணக்கு இருந்தது. சேலம் மாவட்டத்துக்காரருக்கு பாராலிம்பிக்ஸ் என்றதும் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுதான் நினைவுக்கு வருவார். 2016 ரியோவில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம், அரசு கொடுத்த 2 கோடி ரூபாய். "அந்தத் தம்பி மாதிரி நம்ம பையனும் வந்துட்டா கஷ்டம் தீந்துடும்ங்க சார்" என்று அப்பா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். தப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மேட்ச் சரியாகப் போகாவிட்டாலும் அந்த 2 கோடி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், பையன் இரண்டு நாள் சாப்பிட மாட்டார். அடுத்து வரப்போகிற பல முடிவுகளுக்குப் பின்னால் இந்த அவசரமும் இருந்தது.

முதல் இரண்டு ஆண்டு

கடன் வாங்கிய ரிகர்வ் வில்லில் (முனைகள் முன்னால் வளைந்த, கப்பி இல்லாத வில்) ஆரம்பித்தார். நின்றுகொண்டே எய்தார். கேலிப்பரின் முட்டிப் பூட்டைப் போட்டு, ஊன்றுகோலைப் பின்னால் படுக்க வைத்து, இடுப்பை முன்னால் தள்ளி முதுகைப் பின்னால் வளைத்து நிற்பார். இடுப்பில் தசை பலம் போதாதவர்கள் அப்படித்தான் நிற்க முடியும். பார்க்க நிமிர்ந்து நிற்கிற மாதிரி இருக்கும், உண்மையில் இடுப்பு மூட்டின் எலும்புகளை இணைக்கும் நாரில் தொங்கிக்கொண்டிருக்கிறார்.

தரவரிசைச் சுற்றில் 72 அம்பு, முழு மதிப்பெண் 720. ரிகர்வ் என்றால் 70 மீட்டர் தூரம், 122 செ.மீ. குறுக்களவுள்ள இலக்கு. அவர் 36 பவுண்டு வில்லுக்கு (நாணை முழுக்க இழுக்க அவ்வளவு பலம் வேண்டும்) வந்தபோது பயிற்சியில் 520-ஐ ஒட்டி எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டே ஆண்டில் அது நல்ல வளர்ச்சி. ஆனால் காலையில் நன்றாக எய்துவிட்டு நாற்பது அம்புக்கு மேல் போனதும் அம்புகள் இடதுபக்கமும் கீழுமாகச் சிதற ஆரம்பிக்கும். மாஸ்டர் அதை மனசு சம்பந்தப்பட்டது என்று எடுத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சி கொடுத்தார். அம்பு எண்ணிக்கையையும் கூட்டினார்.

தோள்வலி: பார்த்தது என்ன

2024 கோடை விழா சமயத்தில் வலது தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். வலது கைதான் நாண் இழுக்கும் கை. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி உயரத்தில் வலி, முழுக்கத் தூக்கிவிட்டால் வலி குறைகிறது, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. ஸ்கேனில் தோள்மூட்டின் மேற்புறத் தசைநார் வீங்கியிருந்தது, கிழியவில்லை. வில்லாளிகளுக்கு வருகிற சாதாரண வலிதான். 36 பவுண்டு என்பது 16 கிலோவுக்குச் சற்று மேல். 72 அம்பு எய்தால் ஒரு டன்னுக்கு மேல் இழுத்தாயிற்று.

அம்பைக் குறைத்தோம், ஓய்வு கொடுத்தோம், வலி குறையவில்லை. இங்கேதான் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டியிருந்தது. எய்யாத நாளிலும் வலி இருக்கிறது என்றால் தோள் வேறு எங்கேயோ உழைக்கிறது. ஒரு நாள் முழுக்க, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை, கை எதைப் பிடிக்கிறது, எதைத் தள்ளுகிறது என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். "இதெல்லாம் எதுக்குங்க சார்?" என்றுதான் ஆரம்பித்தார்.

காலையில் கட்டிலிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்றுகிறார். படியும் கல்லுமான பாதையில் ரோட்டுக்கு ஏறுகிறார், ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு எடை முழுவதும் இரண்டு தோளில் இறங்கி ஏறுகிறது. பஸ் படியில் கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கிறார். அப்புறம் சொன்னதுதான் நான் எதிர்பார்க்காதது. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. கால் ஊன்றி உட்கார முடிகிறவர்கள் வளைவில் காலை அழுத்திச் சமாளித்துக்கொள்வார்கள், நமக்கு அது நினைவில்கூட நிற்காது. இவருக்குக் கால் உதவாது. ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டுக் கம்பியை வலது கையால் இறுக்கிப் பிடித்து உடம்பு சரியாமல் நிறுத்துகிறார். கீழே இறங்க ஒரு தடவை, மாலையில் ஏற ஒரு தடவை. ஆக, அஸ்தம்பட்டியில் இறங்கி மைதானத்துக்கு வந்து முதல் அம்பைத் தொடுப்பதற்குள் அந்தத் தோள் அரைநாள் வேலை பார்த்திருக்கிறது.

ஊன்றுகோலையும் வாங்கிப் பார்த்தேன். முகாமில் கொடுத்தது, கொடுத்த அன்று இருந்த துளையிலேயே பின் மாட்டியிருந்தது. கைப்பிடி ஒரு துளை அளவு உயரம் அதிகம், அதனால் நடக்கும்போது தோள் காதை நோக்கி ஏறியே இருந்தது. அடியிலிருந்த ரப்பர் ஒருபக்கமாகத் தேய்ந்து உள்ளே இருக்கும் உலோகம் தெரிய ஆரம்பித்திருந்தது, வலதுபக்க ரப்பர்தான் அதிகம் தேய்ந்திருந்தது. வலது பக்கம் கூடுதலாகச் சாய்கிறார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

ஊசி போடாத முடிவு

அதே வாரத்தில் எலும்பு மருத்துவர் ஒருவர் தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார். மாநிலத் தேர்வுப் போட்டிக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஊசி போட்டால் வலி அடங்கும், தேர்வில் எய்யலாம். மருத்துவர் சொன்னதில் மருத்துவ ரீதியாகக் குறை எதுவும் இல்லை. ஆனால் 2022 ஜனவரியிலிருந்து உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில், மூட்டுக்குள் போடுவது உட்பட இந்த வகை ஸ்டீராய்டு ஊசி எல்லாமே போட்டிக் காலத்தில் தடை. மருந்தின் வகையைப் பொறுத்து, மூட்டில் போட்டது உடம்பைவிட்டு விலக மூன்று நாளிலிருந்து பத்து நாள்வரை இடைவெளி விடச் சொல்கிறார்கள். முன்கூட்டியே விலக்கு வாங்கவும் வழி இருக்கிறது, ஆனால் அதற்குத் தாள்கள் வேண்டும், நேரம் வேண்டும்.

வில்வித்தைக்காரர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் இந்த விளையாட்டில் போட்டி இல்லாத நாளிலும் தடை. அவை நெஞ்சுத் துடிப்பைக் குறைத்துக் கை நடுக்கத்தைக் குறைக்கும் என்பதுதான் காரணம். தண்டுவடம் அடிபட்டவர்கள் வீட்டில் ஒரு பை நிறைய மாத்திரை இருக்கும். அந்தப் பையை ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

தடை மட்டுமே காரணம் இல்லை. வலியை மரக்க வைத்துவிட்டு 72 அம்பு எய்தால் வீங்கிய தசைநார் கிழியவும் வாய்ப்பு உண்டு. அவருக்கு அது வெறும் விளையாட்டுக் காயமாக இருக்காது, நடையே நின்றுபோகும். இதைச் சொன்னபோதுதான் அவர் அம்மா முதல்முறையாக வாய் திறந்தார்: "கை போச்சுன்னா இவன் கக்கூசுக்குக்கூட போக முடியாதுங்க. அந்தப் போட்டி வேண்டாம்." ஊசி இல்லை, தேர்வும் இல்லை என்று முடிவானது. ஒரு ஆண்டு வீண். பையன் என்னிடமும் மாஸ்டரிடமும் பல வாரம் சரியாகப் பேசவில்லை.

உட்கார்ந்து எய்வதா?

ஊன்றுகோல் உயரத்தைச் சரிசெய்து ரப்பர் மாற்றியது அன்றைக்கே முடிந்தது. பயணத்தைக் குறைப்பதற்கு எஸ்டேட்காரர் ஒருவர் காபி காயவைக்கும் களத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். மண் மேடு ஒன்று பின்னால் இருந்ததால் அம்பு தப்பினாலும் ஆபத்து இல்லை, ஐம்பது மீட்டரும் தாராளமாக வந்தது. அறுவடை மாதங்களில் மட்டும் களம் கிடைக்காது, மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் இலக்கு தெரியாது, மற்றபடி காலை வேளை முழுவதும் அவருடையது. சேலத்துக்கு வருவது வாரம் இரண்டு முறையாகக் குறைந்தது.

பெரிய சண்டை நின்று எய்வதா, உட்கார்ந்து எய்வதா என்பதில்தான். நிற்க முடிகிற ஒருவரை உட்காரச் சொல்வது லேசான காரியம் இல்லை. "நின்னு எய்யறதுதான் சார் எனக்கு இதுல பிடிச்சதே" என்றார். நியாயம்தான். அத்துடன் உட்கார்ந்தால் பிரிவு மாறிவிடும், எதிரிகள் மாறிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. அது பழைய கணக்கு. முன்பு நிற்பவர்களுக்கு ஒரு பிரிவு, சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஒரு பிரிவு என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள், இப்போது இரண்டும் சேர்ந்து ஓப்பன் பிரிவு. கை, கால், உடம்பு எல்லாமே பாதித்தவர்களுக்கு டபிள்யூ-1 தனியாக உண்டு, அவர்களுக்கு வில்லின் பலம் 45 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. இவர் நின்றாலும் உட்கார்ந்தாலும் ஓப்பன்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நம் யூடிஐடி அட்டையில் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருக்கும் சதவீதத்துக்கும், யார் எந்தப் பிரிவில் என்று பார்க்கும் விளையாட்டின் வகைப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அட்டையில் 40 சதவீதம் இருந்தால் அரசுச் சலுகைக்குப் போதும், ஆனால் வில்வித்தையில் தசை பலம், மூட்டு அசைவு, சமநிலை எல்லாவற்றையும் தனியாகச் சோதித்துத்தான் சேர்ப்பார்கள். எங்கள் குழுவிலேயே அட்டையை நம்பிப் போய்த் திரும்பி வந்தவர் ஒருவர் இருக்கிறார். ஸ்டூல், பட்டை என்று எந்த உபகரணம் வேண்டுமானாலும் அந்த வகைப்பாட்டு அட்டையில் எழுதியிருக்க வேண்டும், மைதானத்தில் போய் "எனக்கு உட்காரணும்" என்று சொல்ல முடியாது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் பாரிஸ் பாராலிம்பிக்ஸ் தொடங்கியது. கை இல்லாமல் பிறந்த ஷீத்தல் தேவி நாற்காலியில் உட்கார்ந்து, காலால் வில்லைத் தாங்கித் தோளால் நாணை இழுத்து, தரவரிசைச் சுற்றில் 703 எடுத்தார். அவரும் தண்டுவடக் காயத்தால் சக்கர நாற்காலியில் இருக்கும் ராகேஷ் குமாரும் கலப்பு அணியில் வெண்கலம் வாங்கினார்கள். ஹர்விந்தர் சிங் ரிகர்வில் தங்கம் வாங்கினார், வில்வித்தையில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். இவர் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தது ராகேஷ் குமாரைத்தான். நான் பழைய கதையும் சொன்னேன். 1948-இல் லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், டாக்டர் குட்மன் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் போரில் அடிபட்ட 16 பேரை வைத்து நடத்தியதே வில்வித்தைப் போட்டிதான். 1984-இல் நியூசிலாந்தின் நெரோலி ஃபேர்ஹால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் மற்றவர்களோடு எய்தார். என் கதை எவ்வளவு வேலை செய்தது என்று தெரியாது, ராகேஷ் குமார் வீடியோ வேலை செய்தது.

செப்டம்பரில் ஸ்டூலில் உட்கார்ந்தார். கூடவே, முனைகளில் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு மாறினார். ரிகர்வில் இழுத்துப் பிடித்திருக்கும் நேரம் முழுவதும் முழு எடையும் விரலிலும் தோளிலும் நிற்கும். காம்பவுண்டில் கப்பி உருண்டு முடிந்ததும் எடை இறங்கிவிடும். 40 பவுண்டு வில்லில் முக்கால் பங்கு இறங்கினால் பிடித்திருப்பது 10 பவுண்டுதான். காம்பவுண்ட் வில்லின் உச்சவரம்பு 60 பவுண்டு, நாங்கள் 40-க்கு மேல் ஒரு ஆண்டுக்கு ஏற்றுவதில்லை என்று எழுதியே வைத்துக்கொண்டோம். பணம்தான் இடித்தது. நல்ல காம்பவுண்ட் செட் லட்சத்தைத் தாண்டும். பழைய வில் ஒன்று தவணையில் வந்தது, அப்பா அதற்காகப் பெட்டிக்கடை வைக்கச் சேர்த்திருந்ததில் ஒரு பங்கைக் கொடுத்தார்.

உட்கார்ந்த பிறகு வந்த தொல்லை

முதல் மாதம் எல்லாமே குழப்பம். வில்லின் கீழ் முனை தொடையில் இடித்தது, ஸ்டூலைத் திருப்பி, உயரம் கூட்டி, காலை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்கவே நாள் போனது. நிற்கும்போது முதுகை வளைத்தே பழகியவர் உட்கார்ந்தும் அப்படியே வளைத்தார். அதைச் சரிசெய்ததும் அம்பு ஒரே இடத்தில் சேர ஆரம்பித்தது.

அப்புறம் ஒருநாள் அம்மா, பின்பக்கத்தில் சிவந்த தடம் ஒன்று இருப்பதைப் பார்த்தார். உணர்ச்சி குறைந்த இடம், அவருக்குத் தெரியவே இல்லை. இரண்டு நாள் விட்டிருந்தால் படுக்கைப் புண் ஆகியிருக்கும். பயிற்சியை நிறுத்தி, சிவப்பு போன பிறகு மெத்தை மாற்றினோம். ரொம்ப மெத்தென்ற மெத்தை ஆட்டம் கொடுக்கும், கெட்டியானது அழுத்தும், நடுவில் ஒன்று கிடைக்க மூன்று கடை ஏறினார்கள். இடைவெளி விட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் வழி, இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்குவது. ஆனால் அதையும் தோள்தான் தூக்க வேண்டும். அதனால் முன்னால் குனிந்து முழங்காலில் சாய்வது, இடதும் வலதுமாகச் சாய்வது என்று மாற்றினோம். அம்பு பொறுக்க மற்றவர்கள் நடந்து போகும் நேரம் இவருக்குச் சாயும் நேரம்.

இன்னொன்று தண்ணீர். பஸ்ஸிலும் மைதானத்திலும் வசதியான கழிப்பறை இல்லாததால் கிளம்பும் நாளில் விடியற்காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார், குழாய் போடும் நேரத்தையும் தள்ளிப்போடுவார். கேட்டால்தான் தெரியும், தானாகச் சொல்ல மாட்டார். மாவட்டப் போட்டி ஒன்றுக்கு மறுநாள் குளிர்காய்ச்சல் வந்தது, சிறுநீர்த் தொற்று. அதிலிருந்து எந்த ஊர் மைதானமானாலும் மாஸ்டர் முதலில் போய்ப் பார்ப்பது கழிப்பறையை: கதவு அகலம், உள்ளே ஊன்றுகோலோடு திரும்ப இடம், கைகழுவ சோப்பு. இலக்குப் பலகையை அப்புறம்தான் பார்ப்பார்.

விளைவு

ஐந்தாறு மாதத்தில் ராத்திரி வலி நின்றது. ஒரு நோட்டில் அம்பு எண்ணிக்கையோடு பஸ் ஏறிய நாள், மேடு ஏறிய நாள், வலி எவ்வளவு என்பதையும் எழுதுகிறார். மலை இறங்கி வந்த நாளில் அம்பு பாதி. அடுத்த சீசனில் மாநிலப் போட்டியில் பதக்கம் வந்தது. தேசியப் போட்டிக்கும் போனார். காம்பவுண்டுக்கான தூரமான 50 மீட்டரில் 640-ஐ ஒட்டி எடுத்தார், முதல் நாக்-அவுட்டில் ஜெயித்து இரண்டாவதில் தோற்றார். காம்பவுண்டில், ரிகர்வ் மாதிரி செட் செட்டாக வெற்றி பார்க்கும் கணக்கு கிடையாது, 15 அம்பின் கூட்டல்தான், ஒரு அம்பு சறுக்கினால் திரும்பப் பிடிப்பது கஷ்டம். அவருக்குச் சறுக்கியது இரண்டு. வலியால் இல்லை, காற்றைத் தப்பாகக் கணித்தார்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை என்ற வீட்டுக் கனவு இன்னும் கைக்கு வரவில்லை, அதற்கு இந்தப் பதக்கம் போதாது. எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறார், சம்பளத்தில் பாதி அம்புக்குப் போகிறது என்று அம்மா சிரித்துக்கொண்டே குறைப்படுவார். அப்பா மாரியப்பன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பையன் இப்போது 44 பவுண்டு வில்லில் எய்கிறார்.

இன்னொரு தடவை என்றால்

குழுவில் சேரும் அன்றைக்கே ஊன்றுகோலை அளந்துவிடுவோம். நாள் முழுக்கக் கை என்ன செய்கிறது என்ற கேள்வி, வலி வரும்வரை காத்திருக்காமல், முதல் மாதத்திலேயே கேட்கப்படும். மாத்திரைப் பையும் அப்போதே. நிற்பதா உட்காருவதா என்பதை இரண்டு ஆண்டு பழகிய பிறகு மாற்றுவது கொடுமை. இரண்டையும் தொடக்கத்தில் தலா சில வாரம் எய்ய வைத்துப் பார்த்துவிட்டு, வகைப்பாட்டுக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

மாஸ்டருக்கு இதில் எல்லாம் உடன்பாடு இல்லை. தொடக்கத்திலேயே உட்கார வைத்திருந்தால் பையன் இரண்டாவது வாரமே வராமல் போயிருப்பான், நின்று எய்த அந்த இரண்டு ஆண்டுதான் அவனை இழுத்துப் பிடித்தது என்கிறார். இந்த வாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை. இந்த மாதம் ஓமலூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் சேர்ந்திருக்கிறார், சிறுவயதிலிருந்தே ஊன்றுகோல். இரண்டு விதமாகவும் எய்து பார்க்கிறார், அவருடைய கைப்பிடியும் ஒரு துளை உயரமாகத்தான் இருந்தது.